முள்ளு குத்திச்சுன்னு சொன்னேன்

நான் அஞ்சாங் கிளாஸ் வரைக்கும்தான் படிச்சவ. எழுத்து கோணலா இருக்கும். சிலது மறந்தும் போச்சு. பொறுத்துக்கணும். என் பேரு போட வேணாம்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, மாசி மாசம். ஜவ்வாது மலையில எங்க ஊரு, காவலூரைத் தாண்டி இன்னும் உள்ள போகணும். எங்க வூட்டுக்கும் என் ஓரகத்தி வூட்டுக்கும் நடுவுல ஒரு புளியமரம் இருக்கு. எங்க வூட்டுக்காரரோட தம்பி சம்சாரம் அவ. காலையில சருகை ஒதுக்கி, உதிர்ந்த புளியைப் பொறுக்கிட்டு இருந்தேன். சுருக்குன்னு குத்திச்சு. கையைத் தூக்கினா கட்டைவிரல் கிட்ட ஒரு ஊசி தொங்குது. மருந்து போடுற பிளாஸ்டிக் ஊசி. புடுங்கினதும் ஒரு பொட்டு ரத்தம் வந்துச்சு. வாயில வச்சு உறிஞ்சித் துப்பிட்டு சுண்ணாம்பு தடவினேன்.

அப்புறம்தான் பயம் பிடிச்சுது. ஓரகத்தி மவன் பெங்களூர்ல வேலை செஞ்சுட்டு அப்பதான் ஊருக்கு வந்திருந்தான். ஆளு பாதியா எளைச்சுப் போயிருந்தான். என் புத்தி நேரா எய்ட்ஸ்னு சொல்றாங்களே, அந்தப் பெரிய நோவுக்குப் போயிடுச்சு. ஊசியை எடுத்துட்டுப் போய் அவ கிட்ட காட்டினேன்.

"இது யாருதும்மா?"

"எனக்கு இன்னாக்கா தெரியும்? நாய் எங்கியாவது இழுத்தாந்திருக்கும்."

சொல்லிட்டே என் கையில இருந்து வாங்கி எரியுற அடுப்புல போட்டுட்டா.

அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில எனக்குப் பின்னாடி எங்க ஊரு ஆளுங்க நாலு பேரு. "இன்னா குத்திச்சு?"ன்னு கேட்டாங்க. ஊசின்னு சொன்னா யாரு ஊசின்னு அடுத்த கேள்வி வரும். அந்தப் பையனுக்கு மலைக்குக் கீழே பொண்ணு பேசிட்டு இருந்தாங்க. எனக்கு எப்பவும் நாலு பேரு முன்னாடி பேச்சு வராது. முள்ளுன்னு சொல்லிட்டேன். முள்ளுக்குப் போடுற ஊசியைப் போட்டு அனுப்பிட்டாங்க.

அஞ்சாறு நாள் போச்சு. தூக்கம் இல்ல. பிரஷர் பாக்க வூடு வூடா வர்ற நர்சம்மா வந்தாங்க. வூட்ல யாரும் இல்லாததால அவங்க கிட்ட மெதுவா சொன்னேன். தலையில கை வச்சுக்கிட்டாங்க.

"ஏன் ஆயா முள்ளுன்னு சொன்னீங்க? மூணு நாளுக்குள்ள சொல்லியிருந்தா மாத்திரை குடுத்திருப்பாங்க. இப்ப ரத்தம் பாத்துப் பாத்துக் காத்திருக்கணும்."

உறிஞ்சினதுக்கும் சுண்ணாம்புக்கும் தனியா திட்டு விழுந்துச்சு. ஓடுற தண்ணியில சோப்பு போட்டுக் கழுவிட்டு உடனே ஓடி வரணுமாம்.

செங்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தேன். இப்ப ஒண்ணும் இல்ல, ஆனா ஒன்றரை மாசத்துல ஒரு தடவை, மூணு மாசத்துல ஒரு தடவை பாத்தாதான் உறுதியா சொல்ல முடியும்னாங்க. இந்த விஷயத்தை ஓரகத்தி கிட்ட மட்டும்தான் சொன்னேன். அந்த நோவு வந்துடுமோன்னு பயந்து செத்துட்டு இருக்கேன்மான்னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். "சாமி பாத்துக்கும்க்கா"ன்னா.

தட்டு, தம்ளர் எல்லாம் தனியா வச்சுக்கிட்டேன். அதுல எல்லாம் ஒட்டாதுன்னு நர்சம்மா சொன்னது என் மண்டையில ஏறல. நான் கழுவினா சுத்தமில்லையான்னு மருமவ மூஞ்சியத் தூக்கிக்கிட்டா. அவ கிட்ட இன்னா சொல்ல?

வைகாசியில அந்தப் பையனுக்குக் கல்யாணம். பொம்பளைங்க எல்லாம் உக்காந்து காய் நறுக்குனாங்க. கையை அறுத்துக்கிட்டு என் ரத்தம் சோத்துல விழுந்துட்டா? நான் ஒதுங்கி உக்காந்துட்டேன். ஓரகத்தி அத்தனை பேரு முன்னாடி கத்தினா.

"எங்க அக்காவைப் பாருங்கடி, சம்பந்தி கணக்கா குந்திக்கினு இருக்கறத! எம் மவன் கல்யாணத்துக்கு ஒரு கத்திரிக்கா அரிஞ்சா வளையல் தேஞ்சுடுமாம்!"

எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஏன் கத்தியைத் தொடலன்னு அவளுக்குத் தெரியும். நானும் சிரிச்சு வச்சேன்.

கல்யாணம் முடிஞ்சு கடைசி ரத்தமும் பாத்தேன். ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. செங்கம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதேன்.

அதுக்கப்புறம் பத்து நாள் இருக்கும். புதுப்பொண்ணு புளியமரத்துக் கிட்ட வந்து நின்னா. கையில அதே மாதிரி ஊசி.

"பெரியத்தை, இதை எங்க போடுறது? குழி தோண்டிப் புதைக்கலாமா?"

"யாருக்குப் போட்டதும்மா?"

"அவருக்குத்தான். ரெண்டு வருஷமா சக்கரையாம். இங்க வந்தப்புறம்தான் எனக்கே தெரியும்."

நேரா ஓரகத்தி கிட்ட போய்க் கேட்டேன். அவ முறத்தைக் கீழ வைக்காமலே சொன்னா.

"சக்கரைன்னு தெரிஞ்சா பொண்ணு குடுப்பாங்களாக்கா? உனக்குத்தான் ஒண்ணும் ஆவலையே."

சக்கரை ஊசியா இருந்தாலும் ரத்தம் பாக்கத்தான் வேணும்னு நர்சம்மா சொன்னாங்க. இருக்கட்டும். ஆனா பக்கத்து வூட்ல நான் மூணு மாசம் செத்துச் செத்துப் பொழைச்சதைப் பாத்துக்கிட்டே, சக்கரைன்னு ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு மனசு வரல. அவ மானத்துக்குன்னுதான் நான் முள்ளுன்னு சொன்னேன். யோசிச்சா, அந்தப் பொண்ணை ஏமாத்தினதுல அந்த முள்ளுக்கும் பங்கு இருக்கு. அவ பெரியத்தைன்னு கூப்பிடுறப்ப என்னால முகம் குடுத்துப் பேச முடியல.

ஓரகத்தி கிட்ட இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கேன். மனசு மட்டும் கசந்து போச்சு.

மூணு நாள், ஒன்றரை மாசம்னு நான் எழுதினது சரியான்னு ஒரு டாக்டரைக் கேட்டுப் பாத்துட்டுப் போடுங்க. என்னை மாதிரி பேச வெக்கப்படுற யாராவது இதைப் படிச்சுட்டு நாளை எண்ணிக்கிட்டு இருக்கலாம், அவங்க கணக்கு என்னால தப்பக் கூடாது.