பச்சை வார், நீல வார்

எனக்குப் பேய், பிசாசு, ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. நான் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருப்பவள். ஒரு கோளாறு ஒரு தடவை மட்டும் தெரிந்தால் எங்கள் தொழிலில் அதற்கு மதிப்பில்லை. இன்னின்னது செய்தால் மறுபடியும் வரும் என்று வரிசையாக எழுதிக் காட்ட வேண்டும். இது எனக்கு மூன்று தடவை நடந்துவிட்டது. நீங்கள் நம்பாவிட்டால் வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

தென்காசியில் வீட்டிலிருந்தே வேலை. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவேன். எனக்கு மூன்று விதிகள் உண்டு. யாரையும் நிற்கச் சொல்லக் கூடாது. படத்தில் கைவைக்கக் கூடாது. எடுத்ததை அழிக்கக் கூடாது. பஜாரில் தேங்காய் மூட்டைமேல் தூங்குகிறவர், ஆலங்குளம் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிக்கிறவர், இவர்கள்தான் என் படங்கள்.

அன்று குற்றாலத்தில் நல்ல சாரல். மெயின் அருவிப் பக்கம் எண்ணெய் மசாஜ் செய்கிற சுடலை அண்ணாச்சி யாரோ ஒருவர் தலையில் தபேலா வாசித்துக்கொண்டிருந்தார். அவர் கைகள் மட்டும்தான் என் கண்ணில் பட்டன, தலை யாருடையது என்று பார்க்கவில்லை. எடுத்தேன். சாயங்காலம் என் இணையப் பக்கத்தில் போட்டேன்.

அரை மணி நேரத்தில் ஷமீமா வந்து நின்றாள். அடுத்த தெரு, பள்ளியில் ஒரே பெஞ்ச். அவள் கணவர் நசீர் அண்ணன் சவூதியில் ஏசி மெக்கானிக். போய் இரண்டு வருஷமாகிறது.

“ஏட்டி, இத எப்பம் எடுத்த?”

“இன்னைக்குத்தான், நாலரைக்கு.”

“இது எங்க மச்சான்.”

பெரிதாக்கிப் பார்த்தேன். கண் மூடிச் சொக்கிப்போன முகம். இடது புருவத்தை இரண்டாக வெட்டும் தழும்பு. ஆனாலும் உலகத்தில் ஒருவரைப் போல ஏழு பேர் இருப்பார்கள் என்றேன். அவள் படத்தைக் கீழே நகர்த்தினாள். முக்காலிக்குப் பக்கத்தில் ரப்பர் செருப்பு. ஒன்றின் வார் பச்சை, இன்னொன்றின் வார் நீலம். அங்கே ஒரே அறையில் ஆறு பேர், யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போனதிலிருந்து நசீர் அண்ணனுக்கு இந்த ஜோடிதான். வீடியோ காலில் தினமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஏழு பேருக்கு ஒரே முகம் இருக்கலாம், இந்தச் செருப்பு இருக்காது.

“லீவு கெடைக்கலன்னு எங்கிட்ட அழுவ வேண்டியது, இங்கன வந்து எண்ணெ தேய்ச்சுக் குளிக்க வேண்டியது! யாருக்காக வந்தாவளாம்?” என்றவள், அவர் போன் நம்பரை அங்கேயே பிளாக் செய்தாள். காலையில் கடையத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். இனித் திரும்ப மாட்டாளாம்.

நான் பதறவில்லை. சரிபார்த்தேன். கேமராவில் கடிகாரம் சரி. மெமரி கார்டு புதிது, பழைய படம் கலக்க வழியில்லை. மிச்சம் ஒன்றுதான், அவரிடமே கேட்பது. என் போனில் அவரை வீடியோ காலில் கூப்பிட்டேன். இரும்புக் கட்டில், பின்னால் யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, ஷமீமா போன எடுக்கமாட்டுக்கா?”

“அண்ணே, உங்க ஊர் நேரம் ரெண்டு மணிக்கு எங்க இருந்தீங்க?”

“ஜும்மா முடிஞ்சு, சாப்ட்டுப் படுத்துட்டேன். நல்ல கனவும்மா, குத்தாலத்துல எவனோ தலையில தாளம் போடுதான். எந்திரிச்சா தலகாணி பூரா எண்ணெ. ரூம்ல அத்தன பேரும் ஏசுதானுவ.”

ஷமீமா போனைப் பிடுங்கினாள். பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டச் சொன்னாள். வெங்காயக்காரரைச் சாட்சிக்கு அழைத்தாள். அப்படியும் பாதிதான் நம்பினாள். மறுபடி செய்து பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். அதுவரை கடையம் பயணத்தைத் தள்ளிப்போட்டாள்.

அடுத்த வெள்ளி நாலரைக்கு நாங்கள் அருவியில். அங்கே இரண்டு மணி, அவர் கட்டிலில். வெங்காயக்காரர் போனில் நேர்முக வர்ணனை.

“இன்னும் தூங்கலக்கா. பொரண்டு பொரண்டு படுக்காரு.”

“மச்சான், தூங்குங்க! ஊரு முன்னால மானத்த வாங்காதிய!” என்று ஷமீமா போட்ட சத்தத்தில் ஒரு குரங்கு கையிலிருந்த சிப்ஸைக் கீழே போட்டது.

ஒரு வழியாகக் குறட்டை கேட்டது. சுடலை அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டிருந்தார். முக்காலி காலி. போன வாரம் வந்தது யார் என்று கேட்டேன்.

“யாருக்கும்மா தெரியும்? நாம தலையத்தான பாக்கோம்.”

காலி முக்காலியைத்தான் எடுத்தேன். திரையில் நசீர் அண்ணன் இடுப்பில் துண்டோடு அதில் உட்கார்ந்து, சலூனில் தன் முறை தவறிப்போன ஆள் மாதிரி அண்ணாச்சியின் டீ கிளாஸை முறைத்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் அங்கே எழுந்தவர் சொன்ன முதல் வார்த்தை, “இன்னைக்கு நம்மளக் கவனிக்க ஒரு ஆளில்ல.”

நான் கேமராவின் கடிகாரத்தை இன்னொரு தடவை சரிபார்த்தேன். ஷமீமாவுக்கு நிம்மதி. அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிம்மதி இரண்டு நிமிஷம் இருந்தது.

“அப்பம், குத்தாலம் வர வழி தெரியுது, இன்னும் ஒரு பஸ் ஏறி வீட்டுக்கு வர வழி தெரியல, என்ன?”

“கனவு எங்கன போவும்னு எனக்கு எப்பிடிப் புள்ள தெரியும்?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. அடுத்த வெள்ளி நம்ம வாசலுக்கு வரணும். இல்லாட்டா நான் கடையத்துக்குப் போயிருவேன்.”

மூன்றாவது வெள்ளி அவள் வீட்டுக்கு எதிரே நின்றேன். நாலரை. கதவு திறந்திருந்தது, படி காய்ந்து கிடந்தது. ஏழு படம் எடுத்தேன். ஐந்தில் ஒன்றுமில்லை. ஆறாவதில் படியில் செருப்பு, ஒரு வார் பச்சை, ஒரு வார் நீலம், சொட்டச் சொட்ட ஈரம். முனை இரண்டும் வீட்டைப் பார்த்து இருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். படியில் ஒன்றுமே இல்லை.

ஷமீமாவிடம் காட்டினேன். உள்ளே போய் இன்னொரு கிளாஸில் டீ ஊற்றி வைத்தாள்.

அன்று போனில் அவர் சொன்னது வேறு. “நல்லாத் தூங்குனேம்மா. ஆனா கனவே வரல. எந்திரிச்சுப் பாத்தா என் செருப்பக் காணோம், எவன் போட்டுட்டுப் போனானோ.”

இப்போது எல்லாம் சுகம். அவருக்கு லீவு கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் வருகிறார். ஷமீமா கடையம் பேச்சையே எடுப்பதில்லை, இரண்டு கிளாஸ் டீ போடுவதையும் நிறுத்தவில்லை.

நான்தான் போகிற வருகிற நாளெல்லாம் அந்தப் படியை எடுத்துப் பார்க்கிறேன். அந்த ஆறாவது படத்திலிருந்து நேற்று எடுத்தது வரை ஒன்று தவறாமல் செருப்பு இருக்கிறது. இப்போது ஈரம் காய்ந்துவிட்டது. முனை மட்டும் இன்னும் வீட்டைப் பார்த்தே இருக்கிறது. அந்தச் செருப்புக்காரர் உள்ளே போனதற்கு என்னிடம் படம் இருக்கிறது. வெளியே வந்ததற்கு இல்லை.

அடுத்த மாதம் நசீர் அண்ணன் காரிலிருந்து இறங்கி, அதே படியில் புதுச் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போவார்.