ஊசியக்காவும் பதினோராம் பக்கமும்

முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் இரண்டு தட்டு. "கடைசியா என்ன புக்கு படிச்சீங்க?" என்று கேட்கிறார் ஊசியக்கா. கேட்கப்பட்ட பெண்மணி கூரையைப் பார்த்து யோசிக்கத் தொடங்குகிறார். பெயர் நாக்கு நுனிக்கு வருவதற்குள் ஊசி உள்ளே போய், டியூப் பாதி நிறைந்துவிடுகிறது. "ம், சொல்லுங்க, சொல்லுங்க" என்று விடாமல் கேள்வியால் துளைத்துக்கொண்டே பஞ்சை வைத்து அழுத்தியும் ஆயிற்று. நாற்காலியைவிட்டு எழும்போதுதான், குத்தி முடித்துவிட்டார்கள் என்பதே அந்த அம்மாவுக்கு உறைக்கிறது.

இரண்டாம் மாடியில் இருக்கிற அந்த ரத்தப் பரிசோதனை லேபில் இந்த வித்தை இருபத்திரண்டு வருடமாக நடக்கிறது. பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தால் என்ன, வருகிறவர்களுக்கெல்லாம் அவர் ஊசியக்காதான். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐம்பதைத் தொடப்போகும் வயது, குள்ளமான உருவம், வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் நாலைந்து டோக்கன் சீட்டு. அந்தச் சீட்டுகள் புத்தகத்தில் அடையாளம் வைப்பதற்கு.

முதல் முறை என் கையைத் தட்டியபோது எனக்கு ஒரு புத்தகமும் ஞாபகம் வரவில்லை. எழுதிப் பிழைக்கிறவள் நான். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பதற்றத்தில் நான் எழுதிய புத்தகத்தின் பெயரையே சொல்லிவைத்தேன். அவர் முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லை.

"சரி, அதுல எந்தப் பக்கத்துல தூங்கிட்டீங்க?" என்றார்.

எல்லோரிடமும் இரண்டாவது கேள்வி இதுதானாம். "புடிச்சிருந்துதான்னு கேட்டா எல்லாரும் புடிச்சிருந்துதுன்னுதான் சொல்லுவாங்க. எங்க தூங்கினோம்கறதுல யாரும் பொய் சொல்றதில்லை" என்பது அவர் கண்ட உண்மை.

"படிக்கிற பழக்கமெல்லாம் இல்லைங்க" என்று தப்பிக்கவும் முடியாது. ஒரு அம்மா அப்படிச் சொல்லிப் பார்த்தார். கிளறக் கிளற, வாஷிங் மெஷினோடு வந்த கையேட்டைக் கடைசி அட்டைவரை படித்தவர் என்பது வெளியே வந்தது. வீட்டுக்காரர் இறந்த பிறகு மெஷின் நின்றுபோனதாம். ஆளைக் கூப்பிட மனமில்லாமல், கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் போராடி, அவரே ஓட வைத்திருக்கிறார். "அதுக்கப்புறம் வீட்ல எந்தச் சாமானைத் தொடறதுக்கும் பயமில்லைம்மா" என்றார் அந்த அம்மா. பின்னால் பத்துப் பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள். இதையெல்லாம் பாதியில் வெட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட ஊசியக்காவுக்கு மனசே வரவில்லை. அப்படித் தொடங்கியதுதான் அலமாரி.

அவர் வீட்டுப் படுக்கையறையில் ஆள் உள்ளே நுழையும் அளவுக்கு ஒரு துணி அலமாரி இருக்கிறது. அதற்குள் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். ஒன்றில் அக்கா, எதிரே முழங்கால் இடிக்க விருந்தாளி. தலைக்கு மேலே சட்டைகளும் துணிகளும் தொங்குகின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு ஹேங்கரில் கிளிப் போட்டு செல்போன். துணி எதிரொலியை விழுங்கிவிடுமாம். பாச்சை உருண்டை வாசனைக்கு முதல் ஐந்து நிமிடம் தும்மல் வரும், அப்புறம் பழகிவிடும். சனிக்கிழமை மாலை பேச்சு, ஞாயிறு காலை ஆறு மணிக்கு நானூறு சொச்சம் பெண்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவுக்கு ஒலிப்பதிவு போய்விடும். குழுவின் பெயர் 'எந்தப் பக்கம்?'.

பேசுவது புத்தகத்தில் தொடங்கும், எங்கேயோ போய் நிற்கும். டாக்ஸி ஓட்டும் ஒரு பெண் ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டிரண்டு பக்கமாகப் படித்தே முப்பது புத்தகம் முடித்தவர். புகுந்த வீட்டில் முடியாது என்று சொல்லக் கற்றுக்கொண்ட கதையை அவர் ஒரு மணி நேரம் சொன்னார். "முடியாதுன்னு சொல்றது சுலபம்க்கா. சொல்லிட்டு, காரணம் சொல்லாம வாயை மூடிக்கிட்டு இருக்கணும் பாருங்க, அதுலதான் உசிரு போகும்." அந்த வாரம் குழுவில் பாதிப்பேர் ஆளுக்கொரு முடியாதைச் சொல்லிவிட்டு வந்து பெருமையடித்தார்கள். நானும் சொன்னேன். யாரிடம் என்று கேட்காதீர்கள்.

அலமாரிக்கு இரண்டு சட்டங்கள். பதிந்ததில் ஒரு நொடியைக்கூட வெட்டக் கூடாது. இருமினால் இருமல், அழுதால் அழுகை, பேச்சு நின்றுபோனால் அந்த மௌனமும் அப்படியே போகும். இரண்டாவது, கடைசிக் கேள்வி விருந்தாளியுடையது. அக்கா பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்றாவதாக ஒரு சட்டம் அவருடைய கணவருக்கு மட்டும். பேச்சு தொடங்குவதற்கு முன் ஃபேனை அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அலமாரியிலிருந்து தன் சட்டையை எடுத்துக்கொண்டு அறையைவிட்டு வெளியே போய்விட வேண்டும். ஒரு சனிக்கிழமை சட்டையை எடுக்க மறந்துவிட்டார் மனிதர். உள்ளே பேச்சு நடக்கும்போது வீட்டுக்கு வந்த உறவினர்களைப் பனியனோடு வரவேற்று, ஒன்றே கால் மணி நேரம் பனியனோடே உபசரித்திருக்கிறார்.

எனக்கு மாதம் ஒரு முறை ரத்தம் கொடுக்க வேண்டியிருந்ததால் அக்காவை அடிக்கடி பார்க்க வாய்த்தது. முதல் மாதமே அவர் மேஜைமேல் ஒரு தடித்த நாவலைக் கவனித்தேன். தொடக்கத்தில், அட்டையை ஒட்டினாற்போல, டோக்கன் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் மாதமும் அதே நாவல், அதே இடத்தில் சீட்டு. "ருசிச்சு ருசிச்சு மெதுவா படிக்கறேன் ரைட்டரம்மா" என்றார். எழுதுகிறவளுக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடைக்குமா? நம்பிவிட்டேன்.

லேபுக்கு லிஃப்ட் கிடையாது. மாடிப்படித் திருப்பத்தில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறது. தினமும் ஏறும்போது அக்கா அங்கே நின்று அதைப் படிப்பார். "எழுத்துன்னு ஒண்ணு இருந்தா விடமாட்டேன்" என்று சிரிப்பார். லேபில் மைக்ராஸ்கோப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள், கண்ணாடிக்காரி என்று பட்டப்பெயர். அவளுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு வராது.

"அந்தப் பலகையை அவ மனப்பாடமே பண்ணிட்டா. ரெண்டு மாசமா மூச்சு வாங்குது, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. கையை நீட்டுடி, ஒரு டியூப் எடுத்துப் பாத்துடறேன்னு தினம் கேக்கறேன். நாளைக்கு நாளைக்குன்னு ஓடறா" என்று என்னிடம் பொருமினாள். ஊருக்கெல்லாம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறவர் தன் கையை மட்டும் ஒளித்து வைத்திருந்தார். குழுவில்கூட ஒருத்தி கேட்டிருந்தாள்: "அக்கா, போன வாரப் பதிவுல ஏதோ உஸ் உஸ்ஸுனு சத்தம் வருதே?" அக்காவின் பதில் பளிச்சென்று வந்தது. "ஃபேன் சத்தம்மா."

மூன்றாம் மாதம் என்னையே அலமாரிக்குள் உட்கார வைத்தார்.

எடுத்த எடுப்பில் நான் எந்தப் பக்கத்தில் தூங்கினேன் என்பதில் தொடங்கி, பத்தாவது நிமிடம், என் தங்கையிடம்கூடச் சொல்லாததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஒரு வருஷமா ஒரு வரி எழுதலைக்கா. உக்காந்தாலே பயமா இருக்கு. பயத்துல எழுந்து போய் வீட்டைச் சுத்தம் பண்றேன்."

"அப்போ வீடு பளபளன்னு இருக்குமே."

"கண்ணாடி மாதிரி இருக்கு."

சிரித்து முடித்துவிட்டு என் முழங்காலில் கை வைத்தார். "இங்க பாருங்க. இருவத்திரண்டு வருஷத்துல பயம் போனப்புறம் கையை நீட்டின ஆள் ஒருத்தரைக்கூட நான் பாத்ததில்லை. எல்லாரும் பயத்தோடதான் நீட்டறாங்க. நீட்டினாப் போதும், மத்தது நடந்துரும். நீங்களும் பயந்துக்கிட்டே எழுதுங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுகையை அடக்க நான் வாயை மூடிக்கொண்ட அந்த நேரத்தில்தான் சத்தம் கேட்டது. உஸ். உஸ். காலிடிக்கிற தூரத்திலிருந்து வந்தது. ஃபேனை என் கண்ணெதிரேதான் அவர் கணவர் அணைத்துவிட்டுப் போயிருந்தார்.

"கடைசிக் கேள்வி உங்களுது" என்றார் அக்கா.

"ஃபேன் ஆஃப்ல இருக்குக்கா. அந்தச் சத்தம் எங்கேருந்து வருது?"

 தலைக்கு மேல் செல்போன் பதிந்துகொண்டே இருந்தது. அக்கா அண்ணாந்து அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதிரே தொங்கிய சட்டைக் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தார். ஏன் கேட்டோம் என்று எனக்கு ஆகிவிட்டது. கதவுக்கு வெளியே கணவர் குரல் கேட்டது.

"ஏம்மா, நான் கேட்டப்பவும் ஃபேன்னுதானே சொன்னே. அதை அணைக்கறவனே நான்தான். என்கிட்டயே ஃபேன்னு சொன்னே."

அக்கா சிரிக்கத் தொடங்கி, மூச்சு வாங்கி, சிரிப்பை நிறுத்தினார்.

"என் மூச்சுதான்" என்றார். "பயமா இருக்கு ரைட்டரம்மா. ஊசிக்கு இல்லை, பேப்பருக்கு. எத்தனை பேர் கையில ரிப்போர்ட்டைக் குடுத்திருக்கேன். பிரிச்சுப் படிக்கறப்போ அவங்க மூஞ்சி மாறும் பாருங்க, அதை நான் நேருக்கு நேராப் பாத்திருக்கேன். என் மூஞ்சி மாறறதை அந்தக் கண்ணாடிக்காரி பாக்கக் கூடாதுன்னு இருந்துச்சு." பிடித்திருந்த சட்டைக் கையை விட்டார். "இன்னொண்ணையும் சொல்லிடறேன். அந்த நாவல்ல நான் பதினொண்ணாம் பக்கத்துலயே இருக்கேன். எடுத்தா ரெண்டு வரியில கண்ணு சொருகிடுது. மறுநாளும் பதினொண்ணு. எந்தப் பக்கம், எந்தப் பக்கம்னு ஊரைக் கேக்கறவ நான். சொல்லவே அசிங்கமா இருக்கு."

இந்தப் பதிவை அனுப்ப மாட்டார் என்றுதான் நினைத்தேன். அனுப்பாவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு என் செல்போன் சிணுங்கியது. முழுசாக வந்திருந்தது. மௌனம் நாற்பத்தொரு விநாடி, கணவரின் முறையீடு, பதினொண்ணாம் பக்கம், எல்லாம் இருந்தன. எட்டு மணிக்குள் குழுவில் முந்நூறு பதில்கள். நீளமாக யாரும் எழுதவில்லை. வாஷிங் மெஷின் அம்மா தொடங்கி வைத்ததை எல்லோரும் அப்படியே திருப்பி எழுதியிருந்தார்கள்: "கையை நீட்டுங்க."

திங்கட்கிழமை என் முறை இல்லாதபோதும் லேபுக்குப் போனேன். நோயாளி நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார், கால் தரைக்கு எட்டாமல். கண்ணாடிக்காரி ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் இரண்டு தட்டு தட்டினாள்.

"கடைசியா என்ன புக்கு படிச்சே?"

"ஏய், என் வித்தையை என்கிட்டயே காட்டறியா?"

"எந்தப் பக்கத்துல தூங்கினே, அதைச் சொல்லு."

"அதான் ஊருக்கே தெரியுமே, பதினொண்ணு. அதுல ஒருத்தி பிளாட்பாரத்துல பெட்டியோட நிக்கறாடி. ரயில் தூரத்துல வந்துக்கிட்டு இருக்கு. ரெண்டு மாசமா வந்துக்கிட்டே இருக்கு. நான் பக்கத்தைத் திருப்பினாத்தானே வரும். அவளும் பாவம், பெட்டியைக் கீழகூட வைக்காம, கை வலிக்க... என்ன பாக்கறே, குத்தறதுன்னா குத்தேன்."

கண்ணாடிக்காரி நிறைந்த டியூபைத் தூக்கிக் காட்டினாள். காத்திருந்த பெண்கள் கை தட்டினார்கள். அக்கா தன் கையை, அது வேறு யாருடையதோ என்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழுதான் இருந்தது. பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். "ஏழை வெச்சுக்கிட்டு எப்படிடி ரெண்டு மாடி ஏறினே?" என்று கண்ணாடிக்காரிதான் அழுதாள். அக்கா முகம் மாறவே இல்லை. டாக்டர் இன்னும் இரண்டு பரிசோதனை செய்து, பயப்பட ஒன்றுமில்லை, இரும்புச்சத்துதான் குறைவு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். கணவர் மாத்திரைக்கு அலாரம் வைத்தார். அது ஒரு சனிக்கிழமை பதிவின் நடுவிலும் அடித்தது, அதுவும் வெட்டப்படாமல் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து, என் டோக்கனோடு நான் மேலே போனேன். கையில் நான் புதிதாக எழுதிய பன்னிரண்டு பக்கம், பயத்தோடு எழுதியது. மாடித் திருப்பத்தில் அக்காவைக் காணோம். மேலே போனால், மேஜையருகே நின்றபடி அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். தடிமனான பாகம் இப்போது இடது கைப்பக்கம் வந்திருந்தது.

"ரயில் வந்துருச்சாக்கா?" என்றேன்.

நிமிரவில்லை. ஒற்றை விரலை உயர்த்தி என்னை நிறுத்திவைத்துவிட்டு, அந்தப் பத்தியைக் கடைசி வரி வரை படித்து முடித்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த தன் ரிப்போர்ட்டை எடுத்து, அடையாளத்துக்கு அந்தப் பக்கத்தில் வைத்து, புத்தகத்தை மூடினார்.