பிரேக் அக்காவின் வலது கால்

கார் ஓட்டப் பழகுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கால்மாட்டில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பிப் பத்தொன்பது வருஷம் உயிர் பிழைத்தவள் அவள். பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயரே பிரேக் அக்கா. தங்கமான மனுஷிதான், அந்த வலது கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்காது. பஸ்ஸில் போனாலும் தரையை மிதிக்கும்.

அவள் புருஷன் தச்சர். ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்ததில் இடது கை பாதிதான் தேறியது. அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அடுப்படி அவருடையது. வாலிபத்தில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடைக்கு நாற்காலி செய்யப் போனவர், பன்றிக்கறி மசாலாவைப் போட்டுப் பிசைந்து சாப்பிடும் நூடுல்ஸையும் அங்கே கற்றுக்கொண்டு வந்தார்.

நோய்க்குப் பிறகு இரண்டு முறை செய்துபார்த்தார். இரண்டு முறையும் சட்டி லேசாக ஆடியதுமே அவள் பாய்ந்துபோய்க் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். இரண்டாவது முறை அவர் சண்டைகூடப் போடவில்லை.

"ஒரு சட்டியைக் கிண்ட என்னை நம்பமாட்டேங்கிற. என்கிட்ட யாரு கதவு செய்யக் குடுப்பா? பட்டறையை வித்துடலாம்."

அந்தப் பேச்சு அவளுக்கு முள்ளாகத் தைத்தது. கையை முடக்கியதில் நோய் பாதி, தான் பாதி என்று தோன்றிவிட்டது. மூன்று வாரம் மனசுக்குள் புழுங்கிவிட்டு, இந்த ஞாயிறு காலை கொத்துக்கறியை வாங்கி வந்து மேடையில் வைத்தாள்.

"என்னங்க, உங்க நூடுல்ஸை நாக்கு கேக்குது. செஞ்சு குடுங்க. நான் இந்த அடுப்படிக் கதவு நிலையைத் தாண்டமாட்டேன்."

"நீயா?" என்றார் அவர். நம்பவில்லை. ஆனாலும் எழுந்தார்.

முதலில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பலகையை எடுத்தார். அதில் இரண்டு ஆணிகள் தலைகீழாக நீட்டிக்கொண்டிருந்தன. எப்போது அடித்தார் என்று அவளுக்குத் தெரியாது. வெள்ளரிக்காயை ஆணியில் குத்தி நிறுத்தி, ஒற்றைக் கையால் மெல்லிய குச்சிகளாக நறுக்கினார். கத்தி விரலருகே போகும்போதெல்லாம் அவள் கால் தரையை அழுத்தியது.

கறியைச் சட்டியில் போட்டுக் கொழுப்பு உருகும்வரை வதக்கினார். புளிக்கவைத்த சோயா விழுதைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். இனிமேல்தான் வேலை. எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை, சிறு தீயில் கை ஓயாமல் கிண்ட வேண்டும். வலது கை கிண்ட, இடது கை சட்டியின் பிடியைப் பிடித்திருக்க வேண்டும்.

பத்து நிமிஷம் இடது கை பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு விரல்கள் நழுவின. சட்டி சுழன்று சாய்ந்து, மசாலா அடுப்பில் வழிந்தது.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஓர் எட்டு எடுத்து வைத்தால் மசாலா பிழைக்கும், பட்டறை போய்விடும். அவள் கதவு நிலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவரே தீயை அணைத்தார். சட்டியை நிமிர்த்தினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குக்கரில் தண்ணீர் நிரப்பி அடுப்பை ஒட்டி வைத்து, சட்டியின் பிடியை அதற்கும் சுவருக்கும் நடுவில் செருகினார். அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. மறுபடி தீ மூட்டிக் கிண்ட ஆரம்பித்தார்.

"காலை எடு," என்றார், திரும்பாமலே. "கீழ்வீட்டுக்காரர் தலையில ஓட்டை விழுந்துடும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

எண்ணெய் பிரிந்தது. வெந்த நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் அலசி, மசாலாவைப் போட்டு, வெள்ளரிக்காயைத் தூவி அவள்முன் வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"லேசா அடிப்பிடிச்சிருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. "ஆறு மாசமா நான் எதைச் செஞ்சாலும் பிரமாதம்னு சொல்லிட்டிருந்தே. இன்னிக்குத்தான் உண்மையைச் சொல்றே."

இருவரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். கை கழுவியதும் அவர் ஆணிப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"பட்டறைச் சாவி எங்கே?"

"ஏன், விக்கவா?"

"ஒரு ஆணி கோணலா இருக்கு. சரி பண்ணணும்."

"இருங்க, காரை எடுக்கிறேன்."

"ரெண்டு தெருதானே. நடந்துக்கிறேன்."

அவள் சாவியை எடுத்துக் கொடுத்தாள். ஜன்னலில் நின்று பார்த்தாள். தெருமுனையில் அவர் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாலையில் இறங்கினார். அவர் அந்தப் பக்கம் ஏறும்வரை அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.