பெயர் வேண்டாம் என்றுதான் சொன்னேன்

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் ஐக்கியக் கூட்டம். பாட்டு, வசனம், சாட்சி எல்லாம் முடிந்து கடைசியில் ஜெபக்குறிப்பு வாசிப்பார்கள். வாசலண்டை ஒரு தகரப் பெட்டி இருக்கும். அவரவர் கஷ்டத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்து அதில் போட்டுவிட வேண்டும். பாஸ்டரம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பார். எல்லாரும் சேர்ந்து ஜெபித்து ஆமென் சொல்லுவோம். பெயர் போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம். ஒரு சகோதரிக்கு முழங்கால் வலி என்று வாசித்தாலே அது யார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். தெரியாத மாதிரி கண்ணை மூடிக்கொள்வோம். அது ஒரு மரியாதை.

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டி பைபிள் வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். நாலு வரி சேர்ந்தாற்போல எழுத அன்று வராது. இப்போது எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது. அன்றெல்லாம் என் காகிதத்தை எழுதித் தருபவள் அதே ஐக்கியத்தில் இருக்கிற என் சிநேகிதி ஒருத்திதான். பீங்கான் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் நாங்கள். நான் கப்புக்குக் காது ஒட்டுவேன், அவள் ஈர ஸ்பாஞ்சால் விளிம்பைத் துடைப்பாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது ஐக்கியத்துப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு எனக்குச் சோறு கொண்டுவந்தார்கள். இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை வகுத்தவளும் அவள்தான். அதனால் ஐக்கியம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பிரசங்கம் பண்ண வேண்டியதில்லை. வீட்டில் தனியாக முழங்கால் போட்டு ஜெபித்தாலும் ஆண்டவர் கேட்பார்தான். ஆனாலும் ஆமென் சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்கிற ஜெபம் வேறு.

என் மகன் குடித்தான். மருமகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகளோடு திட்டக்குடியில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போன வருஷம் அவனுக்கே மனம் வந்து, பாண்டிச்சேரிப் பக்கம் குடியை நிறுத்த வைக்கிற ஒரு இடத்தில் போய்ச் சேர்ந்தான். போகும்போது என்னிடம் ஒன்றுதான் கேட்டான்.

"யம்மா, யாருக்கும் தெரிய வேணாம். திரும்பி வந்து உன்கூட கோயிலுக்கு வரணும். அங்க யாரும் என்னை ஒரு மாதிரி பாக்கக் கூடாது."

கேட்டவர்களிடமெல்லாம் திருப்பூரில் வேலை கிடைத்துப் போயிருக்கிறான் என்றேன். பொய்தான். அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டத்துக்கு முன்னால் அவளைக் காகிதம் எழுதச் சொன்னேன். தூரத்தில் இருக்கிற ஒரு மகன் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும், அவ்வளவு போதும், பெயர் வேண்டாம் என்றேன். பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து எழுதினாள். அந்த ஒரு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். கண்ணாடி பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை. அவள் எழுதியதை நான் சரிபார்ப்பதா? என் கையாலேயே நாலாக மடித்தேன். என் கையாலேயே பெட்டியில் போட்டேன்.

பாஸ்டரம்மா பிரித்து வாசித்தார். என் பெயர், என் மகன் பெயர், குடி, அவன் சேர்ந்திருக்கிற இடம், மருமகள் கோபித்துக்கொண்டு போனது, எல்லாம் அதில் இருந்தது. நடுவில் அவருக்கே குரல் தயங்கியது, ஆனாலும் வாசித்து முடித்துவிட்டார். யாரும் உடனே கண்ணை மூடவில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் மூடினார்கள். அன்று ஆமென் பலமாக இருந்தது. என் சத்தம் அதில் இல்லை.

பஸ் நிறுத்தம் வரைக்கும் சேர்ந்துதான் நடந்தோம். அங்கேதான் கேட்டேன்.

"ஏண்டி அப்புடி எழுதுன?"

"விவரமா சொன்னாத்தானக்கா பாரப்பட்டு ஜெபிப்பாங்க? ஒரு மகன்னு மொட்டையா எழுதுனா யாருக்கு மனசு எளகும்?"

"ஆண்டவருக்கு விவரம் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியணுமில்ல?" என்றாள். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எல்லார் வூட்டுக் கஷ்டமும் உனக்குத் தெரியுது. எல்லார் வூட்டுலயும் உள்ள வந்து ஒக்காந்து ஜெபிக்கிற. உன் வூட்டுக் கதவு மட்டும் சாத்தியே கெடக்கணுமாக்கா?"

அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். என் வீட்டுச் சங்கதி வெளியே போகக் கூடாது என்கிற இறுமாப்பு எனக்கு உண்டு. ஆனால் அது என் கதவு. திறக்க வேண்டியவள் நான்.

கூட்டத்துக்கு வராதவர்களும் ஜெபிக்கட்டும் என்று அந்தக் காகிதங்களைப் போட்டோ எடுத்து போனில் பெண்கள் குரூப்பில் போடுவது வழக்கம். அன்றும் போட்டார்கள். குரூப்பில் இருக்கிற பெண்களுக்குப் புருஷன்மார் இருக்கிறார்களே.

மகன் தெளிந்து வந்தான். வந்த முதல் ஞாயிறு அவனே வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு என்னோடு கோயிலுக்கு வந்தான். கேட்டண்டை ஒரு பெரியவர், நல்ல மனுஷர், அவன் தோளில் கை வைத்தார்.

"தோத்திரம் தம்பி. இப்ப எப்படி இருக்குது? குடிக்கணும்னு நெனப்பு வருதா? சபையே உனக்காக ஜெபிச்சிக்கிட்டு இருக்குது."

அன்பாகத்தான் கேட்டார். மகன் என்னைப் பார்த்தான்.

"நீ சொன்னியாம்மா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. காகிதத்தைக் கொண்டுபோய்ப் போட்டவள் நான்தானே.  அவன் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு நடந்து போய்விட்டான். இன்று வரைக்கும் அவன் குடிக்கவில்லை. கோயிலுக்கும் வரவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து, முன்னால் போய் அப்பமும் ரசமும் வாங்குகிற நாள். அதற்கு முன்னால் பாஸ்டர், ஒருவர் மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் இருந்தால் இப்போதே ஒப்புரவாகுங்கள் என்று சொல்லுவார். திரும்பி ஒருவர் கையை ஒருவர் பிடிப்போம். அவள் பெஞ்சைத் தாண்டி வந்து என்னிடம் இரண்டு கையையும் நீட்டுவாள். நான் பைபிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். மனதில் கசப்பை வைத்துக்கொண்டு அப்பத்தைத் தொடக் கூடாது என்பதால் நானும் முன்னால் போவதில்லை. ஆறு மாதமாகிறது. பாஸ்டர் வீட்டுக்கே வந்து, குறையில்லாதவர்களோடு மட்டும் ஐக்கியம் வைக்க வேண்டுமென்றால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள் என்று எடுத்துச் சொன்னார். டீ கொடுத்து அனுப்பினேன்.

போன மாதம் அவள் கை நீட்டிக்கொண்டு வரவில்லை. பெஞ்சு பெஞ்சாக எழுந்து முன்னால் போனார்கள். என் பெஞ்சு காலியானது. எனக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பதினெட்டு வருஷம் பக்கத்தில் கேட்ட சத்தம் எனக்குத் தெரியாதா? அவளும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகன் சோறு வடித்து வைத்திருந்தான். காகிதம் எழுதியது அவள்தான் என்று அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன்; சாப்பிடும்போது இதையும் சொன்னேன். அவளை அவன் அத்தை என்றுதான் கூப்பிடுவான். "அத்தைக்குக் கை குடுத்துடேம்மா" என்றான்.

"நீ மொதல்ல கோயிலுக்கு வா. அப்புறம் பாக்கலாம்."

 அவன் என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினான்.