நான் பெரிதாக்கிய துளை

எங்கள் அண்ணா யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். எங்கள் ஐயா வேளைக்கே செத்துப்போனதால் பதினாறு வயதில் இரும்புப் பட்டறைக்கு வேலைக்குப் போனார். எங்கள் நாலு பேரையும் ஆளாக்கியவர் அவர்தான். என்னை லண்டனுக்குக் கூப்பிட்டதும் அவர்தான். அதனால் அவர் சொன்னால் நாங்கள் மறுத்துக் கதைப்பதில்லை. எங்கள் வீட்டு வழக்கம் அது.

லண்டனிலும் அண்ணாவுக்குத் தொழிற்சாலை வேலைதான். அங்கு நடந்த விபத்தில் கழுத்து விறைத்துப் போனது. ஓய்வு பெற்ற பின் லைசென்ஸ் எடுத்து, குறிபார்த்துச் சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்தார். லீவர் இழுத்துச் சுடுகிற சின்னத் துவக்கு ஒன்று வாங்கினார்.

கலியாண வீடொன்றில் மச்சான் ஒருவர் கேட்டார்: “ஊரிலை துவக்கைக் கண்டு ஓடி வந்த ஆள், இஞ்ச காசு குடுத்து வாங்கி வச்சிருக்கிறியளாம்?”

“நான் சுடுறது கடதாசிக்கு. அது திருப்பிச் சுடாது” என்றார் அண்ணா.

பீப் சைட் என்பது துவக்கின் மேல், கண்ணுக்கு முன்னால் நிற்கும் சிறு தகடு. அதன் துளைக்குள்ளால் பார்த்துத்தான் குறி வைப்பது. அண்ணாவுக்குக் கழுத்துக் குனியாது. கடையில் விற்கிறதெல்லாம் அவருக்குப் பதிவு, உயரம் காணாது. உயரமாக ஒன்றை வீட்டிலேயே செய்வோம் என்றார். லண்டன் குட்மேய்ஸில் இருந்த அண்ணா வீட்டு ஷெட்டில் செய்தோம். அவர் அளவு சொல்வார். நான் அரத்தால் ராவுவேன். உருக்குத் துண்டு, இரண்டு திருகாணி, நடுவில் ஒரு மில்லிமீற்றர் துளை. மூன்று கிழமை எடுத்தது. முதல் ஞாயிறே நன்றாகச் சுட்டார். அந்தக் கடதாசியை அடுப்படிக் கதவில் ஒட்டினார்.

சில மாதத்தில் குறை சொல்லத் தொடங்கினார்.

“துளை இருட்டாய்க் கிடக்கு. கொஞ்சம் பெருப்பி.”

பெரிதாக்கினேன். அடுத்த மாதமும் சொன்னார். அதற்கடுத்த மாதமும்.

“உனக்கு ஒரு ஓட்டை ஒழுங்காய்ப் போடத் தெரியாது. எருமை.”

“ஓம் அண்ணை.”

துளைக்குள்ளால் நானும் பார்த்தேன். எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. பழுது இரும்பில் இல்லை, கண்ணில் என்று அன்றே எனக்குத் தெரியும். அவருக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. கண் பார்க்க வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கடிதங்கள் வந்தன. அவர் போகவில்லை.

அண்ணி என்னைத் தனியே கேட்டார்: “அவருக்குக் கண் தெரியுதோ தம்பி? தெரியேல்லையெண்டு நீங்கள் ஒரு சொல் சொல்லுங்கோ, நான் இண்டைக்கே இழுத்துக்கொண்டு போறன்.”

“துளைதான் பிழை அண்ணி. நான் சரிப்பண்ணுறன்” என்றேன்.

கண் என்று சொன்னால் லைசென்ஸ் போய்விடும். அண்ணாவைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். அப்படி நினைத்தேன்.

கடைசியில் துளைக்குள்ளால் பென்சில் போகும். ஒரு நாள் அண்ணா எழும்பியபோது வலக்கண்ணில் பார்வை இல்லை. ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டொக்டர். அந்த ஆறு மாதமும் நான் துளை பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். அதே வருடம் இடக்கண்ணும் போனது.

அண்ணாவிடம் உண்மையைச் சொன்னேன்.

“தெரிஞ்சும் ஏன்ரா சொல்லேல்லை?”

“நீங்கள் பெருப்பியெண்டு சொன்னியள்.”

“நான் கிணத்திலை குதியெண்டாலும் குதிப்பியோ?”

அதன் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. பிறகு சிறுநீரகமும் பழுதானது. ஆஸ்பத்திரிக்கு நான் போனால் காலடிச் சத்தத்தில் அறிந்துகொள்வார். கழுத்துத் திரும்பாது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்ப முழு உடம்பையும் திருப்பவேண்டும். திருப்பினார். போன வருடம் அப்படியே போய்ச் சேர்ந்தார்.

சாப்பாடு தந்த அயலவர்களுக்கும், டயாலிசிஸுக்கு ஏற்றி இறக்கிய கிங்ஸ்பரியில் இருக்கும் மருமகனுக்கும், வெள்ளைக்காரர் என்றாலும் எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வந்து நிலத்தில் இருந்து சாப்பிட்ட கழக நண்பர்களுக்கும் நன்றி.

அண்ணாவின் நினைவு மலருக்காக அச்சுக்குக் கொடுக்க முன் இதை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். எதையாவது வெட்டவோ என்று கேட்டேன்.

“ஒண்டையும் வெட்டாதேங்கோ தம்பி. எல்லாரும் வாசிக்கட்டும். நான் மன்னிச்சிட்டன் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ” என்றார்.

எழுதவில்லை.