சும்மா இருக்க ஒரு ஞாயிறு

என் அத்தான் ஏசி மெக்கானிக். ஊருக்கெல்லாம் கோடை என்றால் விடுமுறை. அவருக்கோ மூச்சுவிட நேரமில்லாத மூன்று மாதம். மாடி மாடியாக ஏறி, வெயிலில் கொதிக்கும் பெட்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருவார். வீட்டில் ஏசி போட்டாலும் தூங்கமாட்டார். அந்தச் சத்தத்தில் என்ன குறை என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார்.

இந்த வருடம் ரத்த அழுத்தம் ஏறிப்போய், வாரத்தில் ஒருநாளாவது சும்மா இருந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா அவர் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கூட்டிவந்தாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பின்னால் நின்ற ஐஸ்கிரீம் வண்டி கடகடவென்றது. அத்தானின் கழுத்து தானாகத் திரும்பியது.

“உள்ள ஃபேன் உரசுது. ரெண்டு நிமிஷ வேலைதான்,” என்று எழுந்தார்.

“உங்களை யாராவது கூப்பிட்டாங்களா?” என்றாள் அக்கா.

“பாவம்டி, ஐஸ்கிரீம் உருகிடும்.”

“நீங்க உருகுறதை எத்தனை வருஷமா பாத்துட்டிருக்கேன்!”

அவர் கை பேன்ட் பாக்கெட்டைத் தடவியது.

“தேடாதீங்க. ஸ்க்ரூடிரைவர் வீட்ல இருக்கு.”

“பாத்தியா மச்சான்? சோதனை போட்டுத்தான் கூட்டிட்டு வந்திருக்கா உங்கக்கா!” என்று என்னிடம் முறையிட்டுவிட்டு, மணலில் சாய்ந்தார்.

கடகடப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் கால்விரல்கள் அதற்குத் தாளம் போட்டன. பிறகு அவையும் ஓய்ந்தன. அக்கா குடையை அவர் முகத்துப் பக்கம் சாய்த்தாள். ரிப்பேரான ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் அத்தான் தூங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.