ஏறாதவருக்கு டிக்கெட்

என் மாமனார் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலம் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றே பழகியதால், ஓய்வு கொடுத்த பிறகும் அவர் கால்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டைக்கூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தபடிதான் சாப்பிடுவார். "கொஞ்சம் உக்காருங்களேன் மாமா" என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னேன். "உக்காந்தா தூக்கம் வரும் மாப்பிள்ளை. கண்டக்டர் தூங்கினா பஸ் என்னாகும்?" என்றார். எந்த பஸ் என்று நான் கேட்கவில்லை.

தெருவில் அவருக்கு விசில் என்று பெயர். வேலையில் ஊதிய விசில் இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது. தெருவிளக்கு எரியாவிட்டால், தண்ணீர்க் குழாய் உடைந்தால், குப்பை வண்டி வராவிட்டால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். போனால் காரியத்தை முடிக்காமல் திரும்பமாட்டார். அதற்கு அவர் ஒரு காரணம் சொல்வார்: "எந்த ஆபீஸா இருந்தாலும் ஒரு ஜன்னல் இருக்கும். ஜன்னலுக்குப் பின்னாடி ஒரு மூஞ்சி இருக்கும். மூஞ்சி இருந்தா போதும், மிச்சத்தை நான் பாத்துக்குவேன்."

அவருடைய ஒரே மகள்தான் என் மனைவி. தெருக்கோடியில் பூட்டு, சாவிக் கடை வைத்திருக்கிறாள். மாற்றுச் சாவி போடுவது, பூட்டு விற்பது எல்லாம் சில்லறை வேலை. கடைக்குச் சோறு போடுகிறவர்கள் வேறு. சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்கிறவர்கள். அவர்களுக்குப் பொறுமை இருக்காது, கையில் போன் இருக்கும். பூட்டு திறக்க ஆள் தேடுவார்கள், மேலே எந்தக் கடை வருகிறதோ அதைக் கூப்பிடுவார்கள். என் மனைவியைக் கூப்பிட்டால் கருவிப் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு போய், கதவில் கீறல் விழாமல் திறந்துவிட்டு வருவாள்.

கோடை தொடங்கியபோது அந்த அழைப்புகள் நின்றுபோயின. ஏன் என்று எங்களுக்குப் புரிவதற்கு, எங்கள் கடைக்கு நேர் மேலே மாடியில் குடியிருக்கும் பல் டாக்டரம்மா வெளியே மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. துணி காயப்போட வந்திருக்கிறார், காற்றில் கதவு சாத்திக்கொண்டது. பதற்றத்தில் போனில் தேடியிருக்கிறார். எங்கள் தெருவையே முகவரியாகப் போட்டு ஒரு கடை முதலில் வந்திருக்கிறது. கூப்பிட்டால் ஊரின் மறுகோடியிலிருந்து ஒருவன் வந்து, பூட்டை டிரில்லால் துளைத்துத் தள்ளிவிட்டு, கதவு விலையையே கூலியாகக் கேட்டிருக்கிறான். புதுப் பூட்டு வாங்கக் கீழே இறங்கி வந்த டாக்டரம்மாவுக்கு என் மனைவியின் முகத்தைப் பார்க்க வெட்கம்.

"நீ கீழயே இருக்கறது எனக்குத் தெரியாதாம்மா? கை தானா போனுக்குப் போயிடுச்சு."

அன்றுதான் நாங்கள் எல்லோரும் போனை எடுத்துப் பார்த்தோம். எங்கள் தெருவில் வரிசையாகப் பூட்டுக் கடைகள் இருப்பதாக வரைபடம் சொன்னது. கண்ணால் பார்க்கக்கூடியது ஒன்றே ஒன்று, அதுதான் கடைசியில் இருந்தது. மற்றதெல்லாம் பெயரும் நம்பரும் மட்டும். அந்த வரைபடத்தை வைத்திருக்கும் பெரிய கம்பெனிக்குக் காசு கட்டியவர்கள் மேலே, கட்டாதவர்கள் கீழே. மேலே இருப்பவன் நிஜமாகவே கடை வைத்திருக்கிறானா என்று எட்டிப் பார்க்க, உலகத்தையே படம் வரைந்து வைத்திருக்கிற அந்தக் கம்பெனிக்கு நேரமில்லை. எனக்கு வந்த கோபத்தில் போனைத் தரையில் அடித்திருப்பேன், தவணை மிச்சமிருந்ததால் அடிக்கவில்லை.

என் மனைவி கோபப்படவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. "கோடை முடியறதுக்குள்ள சரியாகலைன்னா கடையைக் காலி பண்ணிடறேன்ப்பா. ஹார்டுவேர் கடையில ஆள் கேக்கறாங்க" என்று சாவி அராவியபடியே சொன்னாள்.

"உன் கடையை மூட விட்டா நான் விசிலே இல்ல" என்றார் மாமா.

மறுநாளே சலூனில் தெருக்கூட்டம். நாற்காலிகள் எல்லாம் நிரம்பியிருக்க மாமா கண்ணாடிக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே பேசினார். கூட்டம் என்றால் ஆளுக்கொரு நியாயம். ஒருவர் தன் போனிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டதாக மார்தட்டினார். அடுத்த நாள் மகள் வீட்டுக்கு வழி தெரியாமல் சுற்றி அலைந்து, அத்தனையையும் திரும்ப ஏற்றிக்கொண்டது தனிக்கதை. ஒருவர் வழக்குப் போடலாம் என்றார். யார் மேல், எங்கே என்று கேட்டதும் தண்ணீர் குடிக்கப் போனார். சலூன்காரர் மட்டும் கத்தரியை நிறுத்தாமல் சொன்னார்:

"ஓசியில குடுக்கறான், வாங்கிக்கறோம். தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?"

"தானமா?" என்று மாமா அவர் பக்கம் திரும்பினார். "மாட்டை நம்ம வாசல்ல கட்டிட்டு, வாசலுக்கு வாடகை கேக்கறான்யா அவன்!"

கடைசியில் டாக்டரம்மா ஒரு யோசனை சொன்னார். நிறைய பேர் நல்லபடியாக எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் கடை மேலே வருமாம். தெருவே பொங்கி எழுந்தது. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வீடு போனை எடுத்து நட்சத்திரம் போட்டார்கள். மாமா பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற மாதிரியே போனார். "போட்டாச்சா? போட்டாச்சா? போடாதவங்க யாரு?" போடத் தெரியாதவர்களுக்கு அவரே வாசகம் சொல்லிக்கொடுத்தார். அதனால் பாதிப் பேர் 'மிகவும் நேர்மையான பூட்டு' என்றே எழுதினார்கள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது. ஒரே நாளில், ஒரே தெருவிலிருந்து, ஒரே வாசகம். இது மோசடி என்று கம்பெனியின் இயந்திரம் முடிவுகட்டி, கடையை வரைபடத்திலிருந்தே தூக்கிவிட்டது. இல்லாத கடைகள் எல்லாம் இருந்தன. இருக்கிற கடை இல்லை.

மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தக் கம்பெனிக்கு நம் ஊரிலேயே அலுவலகம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். லாரி ஆபீஸில் கணக்கெழுதும் எனக்கு அரைநாள் விடுப்பு போனது. உச்சிவரை கண்ணாடி பதித்த கட்டடம். வாசலில் ஏற்கெனவே ஒரு கூட்டம் நின்றது. காரணம் சொல்லாமல் வேலையிலிருந்து முடக்கப்பட்ட டாக்ஸி டிரைவர்கள், பிள்ளையின் படங்களெல்லாம் ஒரே நாளில் காணாமல் போன ஒரு தாய், விற்ற பொருளுக்குப் பணம் வராத ஒரு பாத்திரக் கடைக்காரர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை, ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வயிற்றெரிச்சல். கூட்டத்தைக் கண்டதும் மாமாவுக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. "முண்டாதீங்க, வரிசையா வாங்க, வயசானவங்களை முன்னாடி விடுங்க" என்று எல்லோரையும் ஒழுங்காக நிறுத்திவிட்டார். வரிசை அழகாகத்தான் இருந்தது. ஏறுவதற்குத்தான் எதுவும் வரவில்லை.

காவலாளி நல்ல மனுஷர். "மனு எல்லாம் போன்லயேதான் போடணும் ஐயா. இங்க வாங்க ஆளில்ல."

"உள்ள யாரு இருக்கா?"

"எனக்கே தெரியாதுங்க. நான் கதவோட சரி."

மாமா ஜன்னலைத் தேடினார். கட்டடம் முழுக்க ஜன்னல்தான், ஆனால் எதற்குப் பின்னாலும் முகம் தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் எங்கள் முகமே தெரிந்தது. விசிலை எடுத்து ஒருமுறை பலமாக ஊதினார். சாலையில் போன ஒரு பஸ்தான் பழக்கதோஷத்தில் வேகம் குறைத்தது. திரும்பி வருகையில் பஸ் காலியாக இருந்தும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

சில வாரங்களில் கடை தானாகவே வரைபடத்துக்குத் திரும்பியது. ஏன் தூக்கினார்கள், ஏன் சேர்த்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பழையபடி கடைசி இடம். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் மனைவி நிமிராமல் சொன்னாள், "நானும் கட்டிட்டேன்."

மாமா தட்டோடு நின்றார். "என்னத்தை?"

"கம்பெனிக்கு. விளம்பரம் குடுத்திருக்கேன். ஒவ்வொரு நாளைக்கும் இவ்வளவுன்னு. நம்ம கடை மேல வரும்."

"ஒரு நாள் ஒரு அதிகாரிக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பேனாம்மா நான்?"

"இது லஞ்சம் இல்லப்பா. விளம்பரம்."

"பேரு வேற. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டாரே தவிர, பெற்ற மனசு. காலையில் எழுந்ததும் போனில் தேடினார். மகள் கடை எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. என்னை எழுப்பிக் காட்டினார். தொட்டுப் பார்த்தார், கடையின் படம் விரிந்தது. காபிக்கு முன் ஒருமுறை, காபிக்குப் பின் ஒருமுறை, குளித்து வந்து ஒருமுறை. பிறகு அவர் கால்கள் தெருவுக்கு இறங்கின. டாக்டரம்மா, சலூன்காரர், எதிர்வீடு, பின்வீடு, ஒருவரையும் விடவில்லை. "தேடிப் பாருங்க, மேல வருதா? தொட்டுப் பாருங்க, நம்ம கடைதானா?" தெரு முழுக்கச் சந்தோஷமாகத் தொட்டது. இதுவே தினசரி வழக்கமாகிவிட்டது. பஸ்ஸில் பரிசோதகர் ஏறுகிற மாதிரி, தினமும் காலையில் மாமா தெருவில் ஏறினார்.

ஆனால் போன் அடிக்கவில்லை. காலையில் மேலே நிற்கும் கடை, பத்து மணி ஆவதற்குள் காணாமல் போய்விடும். காணோம் என்றதும் மாமா பதறிப்போய் இன்னும் நாலு வீட்டில் தேடச் சொல்வார். மறுநாள் மகள் தொகையைக் கூட்டுவாள். அதுவும் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். கோடை முடியப்போகிறது. ஹார்டுவேர் கடைக்காரர் எப்போது வருகிறாய் என்று கேட்டு அனுப்பியிருந்தார்.

ஒரு சாயங்காலம் நான் கடைக்குப் போனபோது அவள் கம்பெனி காட்டும் கணக்கைப் போனில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா வாசலில் உலாத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா, இங்க வாங்க." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "ஒருத்தர் இதைத் தொட்டா அவன் என்கிட்ட காசு எடுத்துக்கறான். கூப்பிடணும்னு இல்ல. தொட்டாலே போதும். காலையில தொடறது பூரா நம்ம தெருவுல இருந்துதான்ப்பா. அன்னிக்குக் கட்டின காசு பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துடுது."

மாமாவுக்குப் புரிய நேரமாயிற்று. அவர் போனைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"நான் தொட்டதுக்குமா?"

"யார் தொட்டாலும்ப்பா."

அவர் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தார். வேலைக்காலம் முழுக்க டிக்கெட் கிழித்துக் காய்ப்பு ஏறிய விரல். "ஏறாதவனுக்கு நான் ஒரு நாளும் டிக்கெட் கிழிச்சதில்லையேம்மா" என்றார். என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அழுகை முந்திக்கொண்டது. மாமா பின்னால் கையை நீட்டித் துழாவி, வாடிக்கையாளருக்குப் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் அவர் தெருவில் இறங்கியபோது நானும் கூடப் போனேன். அதே வீடுகள், அதே வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று கும்பிட்டார்.

"தயவுசெஞ்சு என் பொண்ணு கடையை இனிமே தொடாதீங்க."

டாக்டரம்மா ஏதோ சண்டையென்று நினைத்துப் பதறினார். சலூன்காரர் விஷயத்தைக் கேட்டுக் கத்தரியைக் கீழே வைத்தார். "அப்ப எனக்குப் பூட்டு வேணும்னா?"

"நடந்து வாங்க."

அன்று பத்து மணிக்குப் பிறகும் கடை மேலேயே நின்றது. மத்தியானம் வாக்கில் போன் அடித்தது. குளியலறையில் தாழ் போட்டு மாட்டிக்கொண்ட குழந்தை, வெளியே அலறும் தாய், முன்பின் தெரியாத தெரு. என் மனைவி கருவிப் பையை எடுத்த வேகத்தில் சாவிக்கொத்து சிதறியது. அவள் போன பிறகு கடையில் நானும் மாமாவும்தான். சிதறிய சாவிகளைப் பொறுக்கி முடித்தவர், கைகள் இரண்டையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம்தான் தாங்கினார்.

"மாப்பிள்ளை, இன்னும் இருக்கான்னு பாருங்களேன். பாருங்க, தொட்டுடாதீங்க."

தேடினேன். எல்லாவற்றுக்கும் மேலே, 'விளம்பரம்' என்ற பொடி எழுத்துக்குக் கீழே, அவர் மகள் கடை. மாமா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் விரல் தன்பாட்டுக்குப் போனை நோக்கி நீண்டது. இன்னொரு கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.